பட்டியலில் கடைசிப் பெயர்

ஆங்கிலப் பள்ளிக்கூட நாவல்களில் கிரிக்கெட் வரும் அத்தியாயங்களைத் தேடித் தேடிப் படிப்பவன் நான். கடைசி ஓவர், கையில் ஒரே விக்கெட், ஜெயிக்க நாலு ரன் என்று விறுவிறுப்பாக ஓடும் பக்கங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடப்பது அதற்கு முந்தைய இடத்தில். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது, பையன்கள் முண்டியடித்துக்கொண்டு பெயர்களைப் படிக்கிறார்கள். பத்துப் பெயர்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்தவை. பதினோராவது பெயர் யாருடையது? கிரிக்கெட்டை வைத்து எழுதப்பட்ட நல்ல ஆங்கிலக் கதைகள் எல்லாம் அந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன என்பது என் கட்சி.

பி. ஜி. வுட்ஹவுஸ் என்றால் நமக்கு அவர் படைத்த கெட்டிக்கார வேலைக்காரர் ஜீவ்ஸ்தான் நினைவுக்கு வருவார். அதற்கு முன்னால் அவர் பள்ளிக்கூடக் கதைக்காரர். 1909-இல் வந்த 'மைக்' அவற்றில் சிறந்தது. ‘தி கேப்டன்’ என்ற சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமானது. மைக் ஜாக்சன் கிரிக்கெட் குடும்பத்துப் பையன். மூத்த அண்ணன் ஜோ இங்கிலாந்துக்கே ஆடுகிறவர். இன்னொரு அண்ணன் பாப், ரிக்கின் என்ற பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறான். மைக் அங்கே புதிதாகச் சேர்கிறான். பாப் நிதானமான, நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். மைக்குக்கோ ஆட்டம் கைவந்த கலை. பள்ளி அணியில் ஒரு இடம் பாக்கியிருக்கிறது. அது அண்ணனுக்கா, தம்பிக்கா?

இந்தப் பகுதியை வுட்ஹவுஸ் எழுதியிருக்கும் விதம் அலாதி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதே இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கும்போது மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். பாப்புக்கு இது கடைசி வருடம், இப்போது கிடைக்காவிட்டால் எப்போதும் கிடையாது. அது மைக்குக்கும் தெரியும். ஒரு முக்கியமான பந்தயத்துக்கு முன்னால் மைக் மணிக்கட்டில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறான். பாப் ஆடுகிறான். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் கையில் ஒன்றுமே இல்லை என்பது வெளியே வருகிறது. நகைச்சுவைக்கென்றே பிறந்த எழுத்தாளர் இந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட உருகி எழுதவில்லை. பையன்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுகிறார். அதனால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் மைக்குக்கு அணியில் இடம் கிடைப்பதும் இன்னொருவனுடைய இழப்பால்தான். வையட் என்ற நண்பன் ராத்திரியில் விடுதி ஜன்னல் வழியாக வெளியே இறங்கிப் போய் மாட்டிக்கொள்கிறான். பள்ளியை விட்டு விலக்கப்படுகிறான். ரிப்டன் பள்ளிக்கு எதிரான பெரிய பந்தயத்தில் அவனுடைய இடம் காலியாகிறது, அதில் மைக் இறங்கி அணியைக் கரைசேர்க்கிறான். வெற்றிக் கூச்சலுக்கு நடுவில் வையட்டை வுட்ஹவுஸ் மறக்கவில்லை. வங்கி வேலைக்குத் தள்ளப்பட்ட அவனை மைக்கின் அப்பாவைக் கொண்டு அர்ஜென்டினாவுக்கு அனுப்பி, ஒரு வாழ்க்கையும் கொடுக்கிறார்.

இதெல்லாம் வுட்ஹவுஸுக்கு எங்கிருந்து வந்தது? அவர் லண்டனுக்குத் தெற்கே உள்ள டல்விச் பள்ளியில் 1894 முதல் 1900 வரை படித்தவர். 1899, 1900 இரண்டு வருடமும் பள்ளியின் முதல் அணியில் வேகப்பந்து வீசியவர். அதே பள்ளியில் அவருக்கு முன்னால் அண்ணன் ஆர்மின் படித்தார். உதவித்தொகை வாங்கி ஆக்ஸ்ஃபோர்டு போனார். தம்பியின் முறை வந்தபோது வீட்டில் பணம் இல்லை. தம்பி லண்டனில் ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். ஒரே இடம், இரண்டு சகோதரர்கள். நாவலில் தம்பி அண்ணனுக்கு மனமாரவே வழிவிடுகிறான். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனால் படிக்கும்போதெல்லாம் அப்படித்தான் தோன்றுகிறது. தொடர்ந்து வந்த நாவலில் மைக்கின் அப்பாவும் பணத்தை இழக்க, கேம்பிரிட்ஜ் போகவேண்டிய மைக் வங்கியில் போய்ச் சேர்கிறான். அந்த ஆர்மின் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து பேராசிரியராக இருந்தார். பிரம்மஞான சபையில் ஈடுபட்டு, இளைஞராக இருந்த ஜே. கிருஷ்ணமூர்த்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

இந்த வகை நாவலுக்கெல்லாம் மூத்தது 1857-இல் வந்த 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்'. எழுதியவர் தாமஸ் ஹியூஸ். ரக்பி பள்ளியில் படித்தவர், 1842-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காக கேம்பிரிட்ஜை எதிர்த்து ஆடியவர். கதையும் ரக்பியில்தான் நடக்கிறது. 1828 முதல் பதினான்கு ஆண்டுகள் அங்கே தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட், கதையில் 'டாக்டர்' என்ற பெயரில் வருகிறார். ஆங்கிலப் பள்ளி மரபு என்று நாம் கேள்விப்படும் எல்லாமே இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்யவேண்டும், அறை துடைக்கவேண்டும், ரொட்டி வாட்டித் தரவேண்டும். புதுப் பையனைப் போர்வையில் போட்டு உத்தரம் வரை தூக்கி எறிவார்கள். ஃபிளாஷ்மேன் என்ற கொடியவன் டாமைக் கணப்பு நெருப்புக்கு எதிரே பிடித்து வாட்டுகிறான். இந்தக் கொடுமைகளை ஹியூஸ் மூடி மறைக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் டாமின் கடைசிப் பந்தயம். லண்டன் லார்ட்ஸ் மைதானத்திலிருந்து எம்.சி.சி. (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) அணி வந்திருக்கிறது. டாமுக்கு இப்போது பத்தொன்பது வயது, அவன்தான் கேப்டன். டாக்டர் அன்று காலையே ஏரிப் பிரதேசத்துக்கு விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார். தன் முறைக்காகக் காத்திருக்கும் டாம், ஆர்தர் என்ற இளைய நண்பனோடும் ஒரு இளம் ஆசிரியரோடும் பேசிக்கொண்டிருக்கிறான். கிரிக்கெட் எவ்வளவு உயர்ந்த ஆட்டம் என்கிறார் ஆசிரியர். இது ஆட்டம் என்பதையும் தாண்டியது, ஒரு அமைப்பு என்கிறான் டாம். பிரிட்டிஷ் பையன்களின் பிறப்புரிமை என்கிறான் ஆர்தர். ஒருவன் தான் ஜெயிக்க ஆடுவதில்லை, தன் பக்கம் ஜெயிக்கத்தான் ஆடுகிறான் என்று ஆசிரியர் சொல்கிறார். கிரிக்கெட்டைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் இந்த உரையாடலைத்தான் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள்.

மேற்கோள் காட்டப்படாத பகுதி அதற்குக் கொஞ்சம் தள்ளி வருகிறது. ஆர்தரை அணியில் பார்த்தது ஆசிரியருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. டாமிடம் அதைச் சொல்லவும் செய்கிறார். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் இருக்கவேண்டியவனா என்று எனக்கும் நிச்சயமில்லை, ஆனால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை, அவனுக்கு எவ்வளவு நல்லது செய்யும் தெரியுமா, நான் அவனுக்குப் பட்டிருக்கும் கடன் உங்களுக்குத் தெரியாது என்கிறான் டாம்.

எங்கள் தெருவில் என்றால் ஆர்தரை ஒப்புக்குச் சப்பாணி என்றிருப்போம். டாம் அப்படிச் செய்யவில்லை. எம்.சி.சி.க்கு எதிரான பந்தயத்தில், பள்ளியின் மானம் போகக்கூடிய நாளில், அவனை முழு ஆளாகவே இறக்குகிறான். ஆர்தர் யார்? அப்பா இல்லாத, நோஞ்சான் பையன். விடுதியில் முதல் ராத்திரி, மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் கட்டிலருகே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தவன். தானும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிட்டோமே என்று டாமை வெட்கப்பட வைத்தவன். ரக்பியில் டாம் மனிதனானதற்குக் காரணம் அவன். அந்தக் கடனைத்தான் பதினோராவது இடமாகத் திருப்பிக் கொடுக்கிறான்.

இது நியாயமா? தகுதியுள்ள ஒரு பையன் அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவனுடைய பெயரை ஹியூஸ் சொல்லவே இல்லை. எனக்கு அந்தப் பையன் மேல் எப்போதும் ஒரு கண். இருந்தாலும் டாம் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். பள்ளி அணி என்பது பள்ளியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் காட்டவேண்டும். ரன் கணக்கு மட்டும் போதாது. முதல் இன்னிங்ஸ் கணக்கில் பள்ளி தோற்கிறது. அப்படிப்பட்ட தோல்வியும் வெற்றிதான் என்று எழுதுகிறார் ஹியூஸ்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உண்மையான ஆர்னால்டுக்கு மைதானம் அவ்வளவு முக்கியமில்லை. மதமும் ஒழுக்கமும்தான் அவருக்குப் பெரிது, ஆட்டம் அதற்கு ரொம்பவும் பின்னால். ஆனால் நாவலைப் படித்தவர்கள் ஆட்டம்தான் ஆர்னால்டின் கல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸிலிருந்து பியர் த கூபெர்தான் ரக்பிக்கே வந்து பார்த்து, இங்கிலாந்தின் பலமே இதுதான் என்று முடிவு கட்டினார். அவர்தான் பின்னால் ஒலிம்பிக்கை மீட்டெடுத்தவர். ஒரு நாவல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஹென்றி நியூபோல்ட் வந்தபோது இது முற்றிப்போயிருந்தது. 1892-இல் அவர் எழுதிய கவிதையில், தான் படித்த கிளிஃப்டன் பள்ளி மைதானத்தில் கடைசி ஆட்டக்காரன் இறங்குகிறான், ஜெயிக்கப் பத்து ரன் வேண்டும். அடுத்த பத்தியில் அதே பையன் ரத்தம் தோய்ந்த பாலைவனத்தில் சிதறும் படையைப் பார்த்து, ஆடுங்கள், ஆட்டத்தை ஆடுங்கள் என்று கூவுகிறான். எனக்கு இந்தக் கவிதை பிடிப்பதில்லை. பையனையும் சிப்பாயையும் ஒன்றாக்கிவிடுவதற்கு அது காட்டும் அவசரம் பயமாக இருக்கிறது. அதே கிளிஃப்டனில் 1899 ஜூன் மாதம், பதின்மூன்று வயது ஏ. ஈ. ஜே. காலின்ஸ் விடுதிகளுக்கிடையிலான ஒரு பந்தயத்தில் பல நாள் சாயங்காலங்களாக ஆடி 628 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றான். 2016-இல் மும்பை பக்கத்துப் பள்ளிப் பையன் பிரணவ் தனவாடே 1009 எடுக்கும்வரை உலகில் யாரும் அதைத் தாண்டவில்லை. காலின்ஸ் ராணுவத்தில் சேர்ந்து, முதல் உலகப் போரில், 1914 நவம்பரில் பெல்ஜியத்தின் ஈப்ரில் நடந்த முதல் சண்டையில் இறந்தார். வயது இருபத்தொன்பது.

எதிர்த்தவர்களும் உண்டு. கிப்ளிங்கின் 'ஸ்டாக்கி அண்ட் கோ'வில் வரும் மூன்று பையன்கள் மைதானத்துக்குப் போகாமல் புதரில் ஒளிந்து புகை பிடிக்கிறார்கள். பதினேழு வயதில் அலெக் வா எழுதிய 'தி லூம் ஆஃப் யூத்' 1917-இல் வந்தபோது, ஆட்டம் ஆடத் தெரிந்தவன் எது செய்தாலும் பள்ளி மன்னிக்கிறது என்று போட்டு உடைத்தது. அவர் படித்த ஷெர்போர்ன் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் அவர் பெயரையே நீக்கிவிட்டது. இங்கேயும் ஒரு பட்டியல்.

ஈ. டபிள்யு. ஹார்னங் படைத்த ராஃபிள்ஸ் இன்னொரு மாதிரி. அவன் பள்ளி அணியின் கேப்டனாக இருந்தவன், பிறகு இங்கிலாந்துக்கே ஆடும் பந்துவீச்சாளன், ராத்திரியில் நகைத் திருடன். கூட்டாளி பன்னி, பள்ளியில் அவனுக்கு எடுபிடியாக இருந்தவன். ராத்திரி வெளியே போய்வரும் ராஃபிள்ஸுக்காகக் கயிறை மேலே இழுத்துவைத்தவன். அந்தப் பழைய பள்ளி விசுவாசம்தான் அவனைத் திருட்டுக்கும் இழுக்கிறது. ஒரு கதையில் பிரபு ஒருவர் ராஃபிள்ஸைத் தன் மாளிகைக்கு அழைக்கிறார், பந்து வீசுவதற்காக மட்டும். ராஃபிள்ஸுக்கு ரத்தம் கொதிக்கிறது. காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரனை அழைப்பதுபோல் என்னை அழைப்பதா? அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. காசு வாங்காத கனவான்களும் காசு வாங்கும் தொழிலாளிகளும் ஒரே மைதானத்துக்குத் தனித்தனி வாசல் வழியாக வருவார்கள். இரு தரப்புக்கும் இடையிலான பந்தயம் 1806-இல் தொடங்கி 1962 வரை நடந்தது. அணியில் இடம் கிடைத்தும், எந்த வரிசையில் நிற்கிறாய் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

நிறத்தின் வரிசை அதைவிடக் கடினமானது. இங்கிலாந்தில் ஆடிய இந்தியரான ரஞ்சித்சிங்ஜி 1896-இல் நல்ல ஆட்டத்தில் இருந்தும், லார்ட்ஸ் டெஸ்டுக்கு அவரைத் தேர்வுக் குழு எடுக்கவில்லை. அப்போதெல்லாம் எந்த மைதானத்தில் ஆட்டமோ அந்த மைதானத்துக்காரர்கள்தான் அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். மான்செஸ்டர்காரர்கள் எடுத்தார்கள். அங்கே 62 ரன்னும், ஆட்டமிழக்காமல் 154 ரன்னும் எடுத்தார். கதைகளில் அந்த வாசல் சுலபமாகத் திறந்தது. 1908-இல் தொடங்கிய 'தி மேக்னட்' இதழில் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் எழுதிய கிரேஃபிரையர்ஸ் பள்ளிக் கதைகளில் ஹரி ஜம்சேத் ராம் சிங் என்ற இந்தியப் பையன் வருகிறான். நாயகர்களான ஐந்து நண்பர்களில் ஒருவன், அணியின் சிறந்த பந்துவீச்சாளன். அவன் பேசும் ஆங்கிலத்தைச் சிரிப்புக்குரியதாக எழுதியிருப்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பட்டியலில் அவன் பெயர் ஒருபோதும் விடுபட்டதில்லை, நண்பர்கள் அவனை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

நம்மில் பலர் சின்ன வயதில் படித்த எனிட் பிளைட்டனின் மலோரி டவர்ஸ் என்ற பெண்கள் பள்ளிக் கதைகளில் கிரிக்கெட்டுக்குப் பதில் லாக்ராஸ், வலை கட்டிய கோலால் ஆடும் பந்தாட்டம். அங்கேயும் நாயகி டேரல் மூன்றாவது ரிசர்வாகப் பெயர் வந்ததற்கே துள்ளிக் குதிக்கிறாள்.

எல்லாவற்றிலும் ஆழமானது என்று நான் நினைப்பது பள்ளிக்கு வெளியே நடக்கும் ஒரு பந்தயம். எல். பி. ஹார்ட்லியின் 'தி கோ-பிட்வீன்', 1953. கதை நடப்பது 1900-ஆம் ஆண்டுக் கோடையில், நார்ஃபோக் கிராமப்புறத்தில். லியோ என்ற பன்னிரண்டு வயதுப் பையன், பள்ளித் தோழனின் மாளிகையில் விடுமுறைக்குத் தங்கியிருக்கிறான். வசதி குறைந்த வீட்டுப் பையன். தோழனின் அக்கா மரியனுக்கும் டெட் பர்ஜஸ் என்ற குத்தகை விவசாயிக்கும் நடுவே ரகசியக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மரியனைக் கட்டிக்கொள்ளப்போகிறவர் டிரிமிங்ஹாம் பிரபு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் முகம் சிதைந்தவர்.

மாளிகைக்கும் கிராமத்துக்கும் பந்தயம். லியோ பன்னிரண்டாவது ஆள். பட்டியலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர். கிராமத்துக்காக டெட் இறங்கிக் கண்மண் தெரியாமல் விளாசுகிறான். மைதானமே அவன் பக்கம் சாய்கிறது, மரியனின் முகமும்தான். அந்த நேரம் பார்த்து மாளிகை அணியில் ஒருவருக்கு அடிபட, லியோவை உள்ளே அனுப்புகிறார்கள். பந்து வீசுவது டிரிமிங்ஹாம். டெட் தூக்கி அடிக்கும் பந்து லியோவை நோக்கி வருகிறது. பிடித்துவிடுகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கொண்டாட்டத்துக்குள்ளேயே அவனுக்கு ஒரு துக்கம். தான் தெய்வமாகப் பார்த்த மனிதனை, அவனுடைய எதிரிக்காகத் தன் கையாலேயே வீழ்த்திவிட்டோம் என்று ஏதோ உறுத்துகிறது. எந்தப் பக்கத்துக்கு ஆடினோம் என்பது அந்தப் பையனுக்கே தெரியவில்லை. பள்ளியில் தன் பக்கத்துக்காக ஆடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உன் பக்கம் எது என்று யாரும் சொல்லித் தரவில்லை. டாம் பிரவுனின் ஆசிரியர் சொன்ன வாக்கியத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த பதிலாகவே இந்தக் கேட்சை நான் படிக்கிறேன்.

இந்த வரிசையில் கடைசியாக ஆர். கே. நாராயணை வைக்கவேண்டும். 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் லண்டனில் அச்சானது, சென்னையில் பிறந்த ஒருவர் எழுதிய ஆங்கில நாவல். டாம் பிரவுனின் எம்.சி.சி. இங்கே மால்குடி கிரிக்கெட் கிளப்பாகிறது. ராஜம் கேப்டன். சுவாமிநாதன் பந்துவீச்சில் கெட்டிக்காரன், இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் மாரிஸ் டேட்டின் பெயரையே அவனுக்குச் சூட்டிவிடுகிறார்கள். மட்டை கேட்டு மவுண்ட் ரோடு பின்ஸ் கம்பெனிக்குக் கடிதம் போடுகிறார்கள். கிளப் வைத்தால் சர்க்காருக்கு வரி கட்டவேண்டுமோ என்று கவலைப்படுகிறார்கள்.

ஆனால் இங்கே பள்ளிக்கூடம் ஆட்டத்தைக் கொண்டாடவில்லை. போர்டு ஸ்கூலில் சாயங்காலம் டிரில் உண்டு, அதை முடித்துவிட்டு பயிற்சிக்குப் போனால் இருட்டிவிடும். தலைமை ஆசிரியர் விடமாட்டார். அடிக்க ஓங்கிய பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு சுவாமி ஓடுகிறான். ஊரைவிட்டே ஓடி, காட்டில் வழி தவறி, மீட்கப்பட்டுத் திரும்புவதற்குள் பந்தயம் முடிந்துவிடுகிறது. எம்.சி.சி. தோற்கிறது. பட்டியலில் பெயர் இருந்தது, ஆள் இல்லை. ராஜம் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். ரிக்கினில் மைக் வேண்டுமென்றே இடத்தை விட்டுக்கொடுத்தான், அது பெருமையாயிற்று. சுவாமிக்கு விட மனமே இல்லை, அந்த இடத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்தையே தூக்கி எறிந்தான், அதனாலேயே அதை இழந்தான். எனக்கு மைக்கைவிட சுவாமிதான் நெருக்கமானவன். அவனுக்கு மைதானமும் பள்ளியும் எதிரெதிர் பக்கங்களில் நின்றன, நம் பக்கத்துப் பள்ளிகளில் படித்த பலருக்கும் அப்படித்தான்.

இவற்றில் எதையும் படித்திராதவர்கள் 'மைக்'கிலிருந்து தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: அதன் இரண்டாம் பாதி, ஸ்மித் என்ற அற்புதமான பாத்திரம் அறிமுகமாகும் பகுதி, தனிப் புத்தகமாகவும் வந்திருக்கிறது. பலர் அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதில் மைக் ஒரு விடுதிப் பந்தயத்தில் எதிரணியை நாள் முழுக்கப் பந்து பொறுக்கவிட்டு 277 எடுப்பது அமர்க்களம்தான். ஆனால் அண்ணன் தம்பி கதை முதல் பாதியில் இருக்கிறது. 'மைக் அட் ரிக்கின்' என்று போட்டிருக்கும் பதிப்பையோ, இரண்டு பாதியும் சேர்ந்த 1909 பதிப்பையோ எடுங்கள். 1909 பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.